இரண்டு பக்கமும் சிந்திய உப்பு

அந்த இரண்டு ரோலர்களையும் தப்பாக மாட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவது, என் தப்பைக் கையால் தடவியே கண்டுபிடித்த ஒருவரின் கதை. அதைச் சொல்ல உட்கார்ந்தவன் தன் பங்கை மட்டும் ஒளித்துவைத்தால் பேச்சில் உப்பிருக்காது.

எங்களுடையது உப்பு ஆலை. கழுவாத உப்பு லாரிகளில் வந்து குவியும். அதைக் கழுவி, உலர்த்தி, அரைத்து, பைகளில் அடைத்து அனுப்புவோம். கழுவும் கூடத்துக்கும் உலர்த்தும் கூடத்துக்கும் நடுவே ஈர உப்பைச் சுமந்துகொண்டு ஓடும் பெல்ட் ஒன்று உண்டு. நூற்றுப் பத்து மீட்டர் நீளம், ஓர் ஆள் கை கால் நீட்டிப் படுக்கிற அகலம். மேல்வழியாக உப்போடு போய், உலர்த்தும் கூடத்தில் கொட்டிவிட்டு, கீழ்வழியாக வெறுமையாகத் திரும்பி வரும். அதற்கு ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் நாங்கள் நடக்கும் பாதை. உப்புக் காற்றில் இரும்புக்கு ஆயுள் குறைவு. போன வருடம் முறுக்கிய போல்ட்டை இந்த வருடம் கழற்றினால் கையில் துருதான் வரும். அந்த ஆலையில் துருப்பிடிக்காதது எங்கள் மேற்பார்வையாளரின் நாக்கு ஒன்றுதான் என்று எட்டு வருடம் ஃபிட்டராக இருந்த அனுபவத்தில் நான் சொல்வதுண்டு.

பெல்ட் என்று ஒன்று இருந்தால் அது ஓரம் போகும். எங்கள் பெல்ட்டுக்குச் சுவர்மேல் அப்படி ஒரு பாசம். எத்தனை தரம் இழுத்து நடுவில் நிறுத்தினாலும் இரண்டு நாளில் சுவர்ப்பக்கம் ஒதுங்கிவிடும். ஒதுங்கினால், மேலே இருக்கும் குழாயின் வாயிலிருந்து விழும் உப்பில் ஒரு பங்கு பெல்ட்டில் விழாமல் நடைபாதைப் பக்கத் தரையில் விழும். அதை வாரி மறுபடி பெல்ட்டில் போடத்தான் நான்கு பெண்கள், மூன்று ஷிஃப்டுக்கும் முறைக்கு ஒருவரும் மாற்றுக்கு ஒருவருமாக, வருடக்கணக்கில் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்ல வந்த அக்கா அந்த நால்வரில் ஒருவர். அந்த வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. அதற்குமுன் பன்னிரண்டு வருடம் ஆயத்த ஆடைகள் தைக்கும் ஓரிடத்தில் துணி விரிப்பவராக இருந்தவர். நீண்ட மேசையில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக நூறு அடுக்கு விரிப்பார்களாம். அத்தனை அடுக்கின் ஓரமும் ஒரே நேராக நிற்க வேண்டும். ஓர் அடுக்கு விரற்கடை விலகிப் படுத்தாலும் நூறு சட்டையில் ஒன்றுக்குக் கை குட்டையாகிவிடும். அந்த நிறுவனம் மேசையும் கத்திரியுமாக வேறு ஊருக்குப் போனது. அக்காவால் வீட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போக முடியவில்லை. அப்படித்தான் எங்களிடம் துடைப்பம் பிடிக்க வந்தார்.

வந்த இரண்டாம் வாரமே மேற்பார்வையாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். காலையில் பெருக்கிய இடம் பதினோரு மணிக்கு மறுபடி வெள்ளையாக இருந்தது. பெருக்கவே இல்லை என்றார் அவர். பெருக்கினேன் என்றார் அக்கா. உங்கள் வாய்க்கு என்ன சாட்சி என்று அவர் கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் அக்கா ஒரு நீலச் சாக்குக்கட்டியோடு வந்தார். துணியில் குறி போட வைத்திருந்த பழைய கட்டி. பெல்ட்டைத் தாங்கும் ஒவ்வொரு தூணுக்கடியிலும் பெருக்கி முடித்ததும் தரையில் ஒரு கோடு, பக்கத்தில் மணி. உப்பு கோட்டைத் தாண்டியதும் இன்னொரு கோடு, அதற்கும் மணி. அன்று மாலை மேற்பார்வையாளரைக் கூட்டிப்போய்க் காட்டினார். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு உப்பு எந்தத் தூணருகே சிந்துகிறது என்பது தரையிலேயே எழுதியிருந்தது. மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. ஆனால் அக்கா கோடு போடுவதை விடவில்லை. கோடு போடுகிற அக்கா என்று ஆரம்பித்து, சுருங்கிச் சுருங்கிக் கோட்டக்கா ஆனார். அவர் எதிரிலேயே அப்படித்தான் கூப்பிடுவோம். கோபித்துக்கொண்டதில்லை.

மூன்று வருடத்தில் அந்த பெல்ட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. மழை நாளில் எத்தனை விரல் கூடுதலாக ஒதுங்கும், புது இணைப்புப் போட்டபின் எத்தனை நாள் துள்ளும், எந்தத் தூணைத் தாண்டினால் அடங்கும் என்று எல்லாம் சொல்வார். நாங்கள் கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். பெருக்குகிறவர் சொல்வதை எழுதிவைக்க எங்கள் பட்டறையில் நோட்டு எதுவும் இல்லை.

ஒருநாள் நண்பகலில் பெல்ட்டின் ஓரம் சுவர்ப்பக்கத்து இரும்புச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. யாராவது பார்த்து நிறுத்துவதற்குள் முப்பது மீட்டர் கிழிந்துபோனது. துணி கிழிகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஆலை மூன்று நாள் நின்றது. அதற்குப் பிறகுதான் மேலாளர் புது ரப்பர் ரோலர்களுக்குச் சம்மதித்தார்.

அந்த ரோலரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது விளங்கும். வழக்கமான ரோலர் வெறும் இரும்பு உருளை. இதில் இரும்புத் தண்டின்மேல் ரப்பர் உறை. ரப்பரும் வழவழவென்று இருக்காது. மெல்லிய வெட்டுகளால் வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும். இடது பாதி வளையங்கள் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், வலது பாதி வளையங்கள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதாவது இரண்டு பாதியும் நடுவைப் பார்த்துச் சாய்ந்தபடி. பெல்ட்டின் பாரம் மேலே விழுந்ததும் அவை இன்னும் கொஞ்சம் நடுப்பக்கம் வளைந்து, மேலே இருக்கும் பெல்ட்டையும் தம்மோடு இழுத்துக்கொள்ளும். பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் அங்கே அதிக வளையங்கள் அதைப் பிடிக்கும், வலப்பக்கம் தள்ளும். வலப்பக்கம் ஒதுங்கினால் எதிராக. மோட்டார் இல்லை, மின்கம்பி இல்லை. ரப்பர் வளைகிறது, பெல்ட் நடுவுக்கு வருகிறது. முதல் தடவை கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேலை செய்வதைப் பார்த்தபின் அதை யோசித்தவரின் கையை முத்தமிடலாம் போலிருந்தது.

விற்க வந்தவர் வாய்ச்சொல்லில் வீரர். எல்லாரையும் வரச் சொல்லியிருந்த அன்று, பெண்கள் நால்வரும் பக்கத்தில் நிற்கும்போதே, இனி இந்த இடத்துக்குத் துடைப்பமே வேண்டாம் சார் என்றார். மேலாளர் சிரித்தார். பெண்கள் சிரிக்கவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு ஆளைக் குறைப்பதாகப் பிறகு பேச்சும் அடிபட்டது.

மொத்தம் ஆறு ரோலர்கள். பெல்ட் திரும்பி வரும் கீழ்வழியில் ஆறு இடத்தில் மாட்ட வேண்டும். தண்டு தனியாகவும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரப்பர் உறைகள் தனியாகவும் வந்தன. எந்த உறையை எந்தப் பக்கம் பார்த்து ஏற்றுவது என்று தெரிய, உறைமேல் அம்பு போட்ட காகிதச் சீட்டு ஒட்டியிருந்தது. அம்பு நடுவைப் பார்க்க வேண்டும். நான்கு ரோலர்களை அப்படியே பார்த்துப் பார்த்து மாட்டினேன். மிச்சம் இரண்டின் பெட்டி, ஈர உப்பின்மேல் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. திறந்தால் சீட்டெல்லாம் ஊறிக் கரைந்து பிசினாகிக் கிடந்தது. உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாய்வு ரப்பருக்குள் இருப்பதால் வெளியே எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது. பெல்ட்டை ஓட்டச் சொல்லி மேலிருந்து ஆள்மேல் ஆள் வந்துகொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு பக்கம் என்று ஏற்றி, போல்ட்டை முறுக்கிவிட்டேன். உப்பு விழும் வாய்க்கு அருகில் இருக்கும் ஐந்தாவதும் ஆறாவதும் அவைதான்.

பெல்ட் ஓடியது. நீளத்தில் முக்கால் பங்குக்கு அது நடுவை விட்டு அசையவில்லை. எல்லாரும் கைதட்டினோம். ஆனால் கடைசியில், உப்பு விழும் வாயருகே வந்ததும், குடித்தவன் நடையாக ஆடத் தொடங்கியது. முன்பைவிட அதிகமாகவே உப்பு சிந்தியது. விற்றவர் பெல்ட் பழசு என்றார். எங்கள் பொறியாளர் சட்டம் வளைந்திருக்கலாம் என்றார். அவர் அதிகம் பேசாத பெண். எதையும் அளந்து பார்க்காமல் சொல்லமாட்டார். இரண்டு நாள் நூல் கட்டி அளந்தார். சட்டத்தில் பெரிய குறையில்லை.

நான்காம் நாள் மேலாளர் நேரில் வந்தார். பெல்ட்டை நிறுத்தச் சொல்லிக் குனிந்து பார்த்தார். ஐந்தாவது ரோலரில் முஷ்டி அளவு உப்புக்கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. ரோலரில் கட்டி ஒட்டினால் பெல்ட் விலகும் என்பது உண்மைதான். மேற்பார்வையாளர் அதைக் காட்டி, துடைக்காமல் வேணும்னே விட்டுவைக்கிறாங்க சார், வேலை போயிடும்னு பயம் என்றார். பகல் முறையில் அந்த இடம் அக்காவுடையது. அன்று மாலையே அவர் கையில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி ஒருமுறை இப்படி நடந்தால் வேலைநீக்கம் என்று எழுதியிருந்தது.

நான் அங்கேதான் நின்றேன், கையில் ஸ்பேனரோடு. கரைந்துபோன காகிதச் சீட்டு என் கண்முன் வந்தது. வாயைத் திறக்கவில்லை. கட்டிதான் காரணமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தாலும் அதைத் தட்டித் தூங்கவைக்க மனிதனுக்கா வழி தெரியாது?

அக்கா கடிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தார். அழவுமில்லை, யாரையும் திட்டவுமில்லை. அடுத்த இரண்டு நாள் ரோலரில் கடுகளவு உப்பு ஒட்டவிடாமல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் துடைத்தார். பெல்ட் ஆடுவது நிற்கவில்லை.

வாராந்தர நிறுத்தத்தன்று, யாரும் தெரியாமல் ஓட்டிவிடாதபடி பெல்ட்டின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டபின், நான் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் வந்து நின்றார். கையில் ஈரத்துணி.

"தம்பி, கடைசி ரெண்டு ரோலரையும் யாரு மாட்டினது?"

"நான்தான்க்கா. ஏன்?"

"டீயைக் குடிச்சிட்டு வா. உன் கை வேணும்."

குடித்ததாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்து போனேன். அவர் என்னை முதலில் நான்காவது ரோலரிடம் கூட்டிப்போனார். துடைக்க வசதியாக பெல்ட்டைச் சற்றுத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ரப்பர்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். ரப்பர் என் கையோடு நடுப்பக்கம் நகர்ந்தது. நெல்முனை அளவுதான், ஆனாலும் கைக்குத் தெரிந்தது. பிறகு ஐந்தாவதற்குப் போனோம். அழுத்தினேன். என் கை வெளிப்பக்கம் போனது. ஆறாவதும் அப்படியே.

சட்டென்று கையை எடுத்துவிட்டேன், சுட்டதுபோல.

துடைக்கும்போது துணி ஒரு பக்கமாகவே வழுக்கிப்போவதைக் கவனித்ததாகச் சொன்னார் அக்கா. முதலில் பழக்கமில்லாத கை என்று நினைத்தாராம். பிறகு மற்ற நான்கையும் துடைத்துப் பார்த்திருக்கிறார். அங்கே எதிர்ப்பக்கம் வழுக்கியது. ஆனால் அவருக்குச் சந்தேகம் விழுந்தது அதற்கு முன்பே. தரையைக் காட்டினார். ஐந்தாவது ரோலர் இருக்கும் தூணருகே சுவர்ப்பக்கமும் நடைபாதைப் பக்கமும் நீலக் கோடுகள் ஒன்றையொன்று தாண்டித் தாண்டிக் கிடந்தன.

"இத்தனை வருஷமா நடைபாதைப் பக்கம் மட்டும்தான் சிந்தும். இப்ப காலையில அந்தப் பக்கம், மத்தியானம் இந்தப் பக்கம். சட்டம் வளைஞ்சிருந்தா ஒரே பக்கம்தானே போகணும்? கட்டி ஒட்டியிருந்தாலும் அப்படித்தானே? இது நடுவுல நிக்கவே பிடிக்காத மாதிரி ஓடுது. யாரோ நடுவுலேர்ந்து வெளிய தள்ளுறாங்க."

அவர் படித்தது எட்டாம் வகுப்பு. பொறியாளரும், விற்றவரும், எட்டு வருட ஃபிட்டரான நானும் பார்க்காததை அவர் தரையிலிருந்தே படித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆச்சரியமாக இருந்தது.

இது சரியானால் உங்கள் வேலைக்குத்தானே ஆபத்து என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன்.

"தெரியும்" என்றார். கொஞ்சநேரம் துணியைப் பிழிந்தார். "பெல்ட் இன்னொரு தரம் கிழிஞ்சா எல்லாருக்கும்தான் வேலையில்ல. அதை விடு. கோணலா ஓடுறதைக் கண்ணால பாத்துக்கிட்டே பக்கத்துல நின்னு பெருக்க என்னால முடியல தம்பி. கை அரிக்குது."

நான் ஒரு யோசனை சொன்னேன். அது என் வாழ்க்கையில் நான் சொன்ன மட்டமான யோசனைகளில் ஒன்று. இப்போது பூட்டுப் போட்டுத்தானே இருக்கிறது, ஒரு மணிநேரத்தில் சத்தமில்லாமல் உறைகளைக் கழற்றித் திருப்பி மாட்டிவிடுகிறேன், பெல்ட் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமான பார்வை இல்லை. மேசையில் விலகிக் கிடக்கும் துணி அடுக்கைப் பார்க்கிற பார்வை.

"சத்தமில்லாம சரி பண்ணிட்டா பெல்ட் நேராயிடும். எனக்குக் குடுத்த கடுதாசி? கட்டியைத் துடைச்சதும் பெல்ட் சரியாயிடுச்சு, அப்ப இவதான் காரணம்னு முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?"

எடுக்கப்போன ஸ்பேனரை மறுபடி பைக்குள் போட்டேன்.

"நானே போய்ச் சொல்லலாம். வேலைக்குப் பயந்து கதை கட்டுறாள்னு சொல்வாங்க. நீ சொன்னா நம்புவாங்க, ஆனா அடி உனக்கு விழும். சாயங்காலம் வரைக்கும் நான் வாய் திறக்கல. அதுக்குள்ள நீ யோசிச்சுக்க."

ஈரத்துணியை உதறிக் கம்பியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. ஒருவேளை மிரட்டியிருந்தால் நான் வீம்பு பிடித்திருப்பேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பார்கள். நான் அரைமணி நேரம் பட்டறைக்கும் குழாயடிக்குமாக நடந்து நிஜமாகவே நாலு தம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு பொறியாளரின் அறைக்குப் போனேன்.

உட்காராமலே சொன்னேன். சீட்டு கரைந்தது, ஊகித்து மாட்டியது, கட்டியைக் காட்டியபோது வாயை மூடிக்கொண்டு நின்றது எல்லாம். பொறியாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார். நான்காவதில் கையை வைத்தார், ஐந்தாவதில் கையை வைத்தார், மறுபடி நான்காவதில் வைத்தார்.

"கண்டுபிடிச்சது நீங்களா?"

"இல்ல மேடம். கோட்டக்கா."

அவர் கீழே தரையில் இருந்த கோடுகளைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டின் மணியையும் படித்தார். எத்தனை நாளாக இப்படிப் போடுகிறார் என்று கேட்டார். மூன்று வருடமாக என்றேன். ஐந்து நிமிடமாவது இருக்கும், அவர் எழவில்லை.

உறைகளைக் கழற்றித் திருப்பி மாட்ட ஒன்றேகால் மணிநேரம் ஆனது. துருப்பிடித்த ஒரு போல்ட்டை அறுக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். பூட்டை எடுத்து பெல்ட்டை ஓட்டினோம். வெறும் பெல்ட் முதல் சுற்று வந்தது. ஐந்தாவது ரோலருக்கு வரும்போது சுவர்ப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அதைத் தாண்டும்போது, யாரோ தோளைத் தொட்டு இந்தப் பக்கம் வா என்று சொன்னதுபோல, நிதானமாக நடுவுக்கு வந்தது. ஆறாவதைத் தாண்டியபோது நூல் பிடித்தாற்போல நின்றது. பிறகு உப்பை விட்டார்கள். ஈர உப்பு பெல்ட்டின் நடுவில் விழுந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு கறுப்பு ஓரம் விட்டு, மேலே ஏறிப் போனது.

அக்கா துடைப்பத்தோடு நின்றிருந்தார். பத்து நிமிடம், கால் மணி, அரை மணி. தரையில் ஒன்றும் விழவில்லை. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். அதை மறைக்க அவர் முயலவில்லை. தன் வேலையைத் தானே இல்லாமல் செய்துவிட்டு அப்படி ஒருவர் சந்தோஷமாக நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மேலாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அந்தக் கடிதத்தைக் கொடுக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அதற்கு அக்கா சொன்ன பதிலைக் கூட இருந்த பொறியாளர்தான் பின்னால் எனக்குச் சொன்னார்.

"வாயால குடுத்திருந்தா வாயால திருப்பி வாங்கிக்கலாம் சார். காகிதத்துல குடுத்தீங்க. காகிதத்துலயே வாங்கிக்குங்க."

மேலாளருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் எழுதிக் கொடுத்தார். தவறு பொருத்தியதில் இருந்தது, பெருக்குபவர்களிடம் இல்லை என்று நான்கு வரி. அதை அக்கா படியெடுத்துப் பெண்கள் உடைமாற்றும் அறையில் ஒட்டினார், குற்றச்சாட்டு நால்வர்மேலும் இருந்ததால்.

எனக்கு ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று தண்டனை. மூன்றாம் நாள் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அன்று விடுமுறை. இரண்டு அறை வீடு. விரித்திருந்த பாய் சுவருக்கு ஒட்டி நேராக, அலமாரித் துணிகளின் மடிப்பு ஒரே நேராக, மேசைமேல் இருந்த செய்தித்தாள்கள் கூட ஓரம் ஓரத்தோடு. அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. என்னை உட்காரவைத்து டீ கொடுத்தவர் அவர்தான். அக்கா இரண்டு கையிலும் களிம்பு தடவி பழைய காலுறைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்பில் வெடித்த உள்ளங்கைக்கு விடுமுறை நாளில் அதுதான் வைத்தியம்.

"இவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க தம்பி" என்றார் கணவர். "இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். என் வண்டியில ஏறினா மட்டும் ஜன்னலோரம் உக்காந்து, கோட்டைத் தொடுறீங்க, கோட்டைத் தொடுறீங்கன்னு சொல்லிக்கிட்டே வருவா. பயணிங்க எல்லாம் இவளைத்தான் டிரைவர்னு நெனைக்கிறாங்க."

அக்கா காலுறைக் கையால் அவர் முதுகில் ஒன்று போட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேன். கடிதம் கொடுத்த அன்று பேசாமல் நின்றதற்கு என்றேன். அதை அவர் கவனித்திருந்தாராம். உன் முகம் அன்றைக்கே வெளுத்துப்போயிருந்தது, அதனால்தான் மேலே போகாமல் முதலில் உன்னிடம் வந்தேன் என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. என் பையனின் பள்ளிக்கூடம் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, சொன்னபடியே ஆளைக் குறைத்தார்கள். நால்வரில் இருவர் போதும் என்று வந்தது. பொறியாளர் முன்னமே எழுதிக் கேட்டிருந்ததால் அக்காவை பெல்ட்டுகளைப் பார்வையிடும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் பெருக்குபவர் என்றே இரண்டு வருடம் இருந்தது. மூத்தவர் ஒருவரைப் பெருக்க வைத்துக்கொண்டார்கள். மற்ற இருவரும் வெளியே. அவர்களில் ஒருவர் அக்காவுக்கு உயிர்த்தோழி. ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர், முறை மாறும் நேரத்தில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர். கடைசி நாளன்று ஆலை வாசலில் வைத்து எல்லார் காதிலும் விழ, "உன் கெட்டிக்காரத்தனம் என் சோத்துல மண்ணைப் போட்டுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கோபம் நியாயம்தான் என்றார் அக்கா. அதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பைகளை அடைக்கும் பிரிவில் ஆள் பற்றவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேலாளர் அறை வாசலில் போய் நின்றார். இரண்டு பேரையும் அங்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதே வேண்டுகோள். முதல் வாரம் பார்க்கலாம் என்றார்கள், இரண்டாம் வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள், மூன்றாம் வாரம் மேலாளர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அக்கா நான்காம் வாரம் பின்வாசலில் நின்றார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது அந்த ஆலையில் உண்மையாக ஏழு வாரம் ஆனது. இருவரையும் பை அடைக்கும் பிரிவில் எடுத்தார்கள்.

ரோலர் விற்ற நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து நடந்ததை எழுதிக்கொண்டு போனார். அடுத்து வந்த ரோலர்களில் காகிதச் சீட்டு இல்லை. அம்புக்குறி ரப்பரிலேயே ஆழமாக வெட்டியிருந்தது. யாரால் அது வந்தது என்று எந்தத் தாளிலும் இல்லை. அக்காவிடம் காட்டினேன். விரலால் அந்த வெட்டைத் தடவிப் பார்த்து, இது நல்லாயிருக்கு, கண்ணு தெரியாதவங்க கூட மாட்டலாம் என்றார்.

இன்று எங்கள் ஆலையின் ஐந்து பெல்ட்டும் அவர் பார்வையில்தான் ஓடுகின்றன. பொறியாளர் அவருக்கு ஒரு நோட்டுக் கொடுத்தார். தூண், மணி, பக்கம், விரல் கணக்கு என்று அவர் எழுதுவதை வைத்து, எந்த ரோலரை எப்போது மாற்றுவது என்று நாங்கள் முன்கூட்டியே முடிவு செய்கிறோம். அந்தப் பெரிய பெல்ட் அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கிழியவில்லை.

தோழி மட்டும் வேலை கிடைத்தும் பேசவில்லை. எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அக்கா பேச்சுக் கொடுத்துத் தொந்தரவு செய்யவுமில்லை, தன் வழியை மாற்றிக்கொள்ளவுமில்லை. அதே நேரத்துக்கு அதே வாசல் வழியாகப் போய் வந்தார். ஒரு வருடம் போல ஆகியிருக்கும். முறை மாறும் நேரம். நான் அக்காவிடம் நோட்டைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன். தோழி பை அடைக்கும் பிரிவிலிருந்து நேராக எங்களைப் பார்த்து வந்தார். அவர் மேலங்கி தோளில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஊசி வெச்சிருக்கியா?" என்றார்.

அக்கா எப்போதும் வைத்திருப்பார். எடுத்து நூல் கோத்து நீட்டினார். தோழி வாங்கவில்லை, தோளைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றார். அக்கா நோட்டை என் கையில் திணித்துவிட்டு, அவரை வெளிச்சம் இருக்கும் பக்கம் நகர்த்தி, அங்கேயே நின்றபடி தைக்க ஆரம்பித்தார்.